பதினோராவது மிஸ்கோல்

இன்று விடிய நாலு மணிக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மிஸ்கோல் கொடுத்தேன். பதினோராவது நம்பரில் விரல் நின்றுவிட்டது!

புதிதாக வந்தவர்களுக்கு: நான் யாழ்ப்பாணக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணித ரீச்சர்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓ.எல் பரீட்சை எழுதும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர்களுக்குப் பங்கு பிரித்துத் தந்துவிடுவார்கள். எனக்குப் பதினொரு பேர். பரீட்சைக்கு முந்திய மூன்று வாரமும் படிப்பு லீவு. அவர்களை விடிய எழுப்பிப் படிக்கவைப்பது எங்கள் பொறுப்பு.

முறை இதுதான். நாலு மணிக்கு நான் ஒரு மிஸ்கோல் கொடுப்பேன். எழும்பிய பிள்ளை திருப்பி ஒன்று தரும். இரண்டு பக்கத்துக்கும் செலவில்லை. ஒரு சொல் கதைக்கவும் தேவையில்லை.

(என் மனுசன் அரை நித்திரையில் கேட்பார்: "உமக்குச் சம்பளம் தாறது பள்ளிக்கூடமோ, மணிக்கூட்டுக் கடையோ?")

சிரிக்காதீர்கள். போன வருடம் செமினாரில் பயிற்சி தர வந்த வளவாளர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார்: "ஆசிரியர் இனிப் படிப்பிக்கிறவர் இல்லை. பிள்ளை தானாப் படிக்க வசதி செய்து குடுக்கிறவர்." நானும் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

பதினொரு பேரில் முதலாவதாகத் திருப்பி அடிப்பவள் ஜெனிற்றா. (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

சில நாட்களில் என் மிஸ்கோல் போய் ஐந்து செக்கனுக்குள் அவளுடையது வந்துவிடும். மற்றதுகள் நாலரை, ஐந்து என்று இழுக்கும். நான் வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன்: "ஜெனிற்றாவைப் பாத்துப் பழகுங்கோ!" கைதட்டும் படம் வேறு மூன்று!

கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். முன்னோடிப் பரீட்சையில் கணிதத்துக்கு 54. ஆனால் பாஸ் பண்ணுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை தொடங்கியது. ஜெனிற்றா வரவில்லை.

அன்று விடியவும் முதல் மிஸ்கோல் அவளுடையதுதான்!

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். தகப்பன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். வள்ளத்தில் விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு மாதமாம். எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தாய் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"இருங்கோ ரீச்சர், அவள் இப்ப வந்திடுவாள்."

"எங்கை போட்டாள்?"

"நண்டுக் கொம்பனிக்கு."

ஆறு மணிக்குக் கொம்பனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் ஒளித்தாள். வாங்கிப் பார்த்தேன். விரல் முழுக்க நண்டு ஓடு வெட்டிய கீறல்கள். தோல் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அப்ப விடிய நாலு மணிக்கு எனக்கு மிஸ்கோல் தந்தது என்னத்துக்கு? என்னைப் பேய்க்காட்டினனியோ?"

"இல்லை ரீச்சர், உண்மையா எழும்பினனான். நாலரைக்குக் கொம்பனி பஸ் வரும். உங்கடை கோலிலைதான் எழும்பிறனான். மூண்டு கிழமையிலை ஒருநாள்கூட பஸ்ஸை விடேல்லை!"

அதைப் பெருமையாகச் சொன்னாள்.

பரீட்சைக்குக் கட்டாயம் என்று நான் படிவம் நிரப்பி எடுத்துக்கொடுத்த அடையாள அட்டை. அதைக் காட்டித்தான் வேலைக்கும் சேர்ந்தாளாம். நல்லாத்தான் வசதி செய்து கொடுத்திருக்கிறேன்!

"மற்றதெல்லாம் போகட்டும். வியாழக்கிழமை கணிதத்துக்கு மட்டும் வா பிள்ளை."

"நண்டு சீசன் ரீச்சர். ஒருநாள் நிண்டாலும் வேறை ஆளைப் போட்டிடுவினம்."

"நான் வந்து கதைக்கிறன்."

"ஐயோ வேண்டாம் ரீச்சர்!"

தாய் மெதுவாகக் கேட்டார்: "நான் போனா இவரை ஆர் பாக்கிறது? சோதினை வாற வருசமும் எழுதலாம்தானே ரீச்சர்?"

"ஓம்" என்றேன். பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களில் திரும்பி வந்த ஒரு முகத்தைக்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

வழியனுப்ப வாசல் படலை வரைக்கும் வந்தாள்.

"ரீச்சர், வியாழக்கிழமையும் மிஸ்கோல் தருவியளோ? அலாரம் வைச்சா நிப்பாட்டிப்போட்டுப் படுத்திடுவன். உங்கடை நம்பரைக் கண்டாத்தான் பயம்."

செவ்வாயும் புதனும் வழக்கம்போல அடித்தேன். இன்றுதான் அந்த வியாழக்கிழமை.

நாலு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் அடிக்காவிட்டால் அவள் நித்திரையாகிவிடுவாள். பஸ் போய்விடும். பஸ் போனால் எட்டரைக்குப் பரீட்சைக்கு வரலாம். வேலை போகலாம். அந்த வீட்டில் அடுப்பு எரியாமலும் போகலாம்.

அடிக்கவில்லை. மனச்சாட்சி குத்தக் குத்தப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாலு இருபதுக்குப் போன் அடித்தது. மிஸ்கோல் இல்லை. நிற்காமல் அடித்தது! எடுத்தேன்.

"ரீச்சர், ஜெனிற்றா. எழும்பேல்லையோ? என்னை அம்மாதான் எழுப்பிவிட்டவ. உங்கடை கோல் வரேல்லை எண்டதும் நித்திரையாகிட்டியளாக்கும் எண்டு பயந்துபோனன். மற்றப் பிள்ளையளை எழுப்புங்கோ ரீச்சர். இண்டைக்குக் கணிதமெல்லோ!"

"ஓம் பிள்ளை, எழும்பிட்டன்" என்றேன்.

"சரி ரீச்சர், பஸ் வருது, வைக்கிறன்."

இந்த மூன்று வாரத்தில் போனில் அவளும் நானும் கதைத்தது இவ்வளவுதான்.

எட்டரைக்குப் பத்துப் பேர் மண்டபத்துக்குள் போனார்கள். நான் கேற்றடியில் நின்று அழுதேன். வாசலில் நின்ற மற்ற ரீச்சர்மார், பேப்பர் கஷ்டமாக வந்துவிடுமோ என்று பயந்து அழுகிறேனாக்கும் என்று நினைத்தார்கள்.

நாளைக்கும் பரீட்சை இருக்கிறது. நாளைக்கும் நாலு மணிக்கு அவள் என் நம்பரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடிக்கட்டா, விடட்டா? நீங்களே சொல்லுங்கோ.