தாண்டிப்போன பாடு

யாருக்கு எந்தக் கதைப் புத்தகம் பொருந்தும் என்று ஆளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பத்தில் பன்னிரண்டு வருடமாகத் தையல் மிஷின் மிதிக்கிறேன். டேப் எடுக்காமலேயே தோள் அளவு சொல்கிறவளுக்கு மனசு அளவு சொல்லத் தெரியாதா?

மிஷினுக்கு மேலே ஒரு பலகை. அதில் இருப்பவை எல்லாம் பள்ளி, கல்லூரி வயசுப் பிள்ளைகளுக்காக எழுதிய மாயக் கதைகள், பேய்க் காதல் கதைகள். ரத்தம் குடிக்கும் அழகன், பௌர்ணமியில் ஓநாயாகிறவன், சிறகு முளைத்த இளவரசி. மெட்ராஸுக்கு லைனிங் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் நடைபாதைக் கடையிலிருந்து அள்ளிக்கொண்டு வருவேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். பதினேழு வயதில் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்தீர்கள், அந்தப் பதினேழு இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது.

என் வாசகிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓநாய்க் கதையைப் படித்துவிட்டு, நண்டு விற்கிற அக்கா நேராக வந்து சண்டை போட்டாள். "இன்னாம்மா புக்கு இது? அமாவாசை போயி நாலாம் நாளு. அதுக்குள்ள முழு நிலா எப்டி வரும்? எழுதுனவன் ஒரு நாளாவது வானத்தப் பாத்துருப்பானா?" நிலாவை வைத்து நீரோட்டம் பார்க்கிற ஊரில் ஓநாயைத் தள்ளிவிடுவது கஷ்டம். அடுத்து ரத்தம் குடிக்கிறவனைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பித் தந்தவள், "இவன் தேவலாம். கொயம்பு நல்லால்லன்னு ஒரு வார்த்த சொல்லல" என்றாள். அளவு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

ஒரே புத்தகத்துக்கு ஒன்பது வீடு போட்டி. அதனால் எங்கள் ஏரி வழக்கத்தையே எடுத்துக்கொண்டோம். ஏரியில் இறால் கிடைக்கிற இடங்களுக்குப் பாடு என்று முறை வைத்திருக்கிறார்கள். சீட்டுப் போட்டு வரிசை எடுப்பார்கள். இன்றைக்கு ஒரு வீட்டார் அங்கே வலை போட்டால், நாளைக்கு அடுத்த வீட்டார். புத்தகத்துக்கும் அப்படியே சீட்டு, வரிசை, வீட்டுக்கு மூன்று நாள். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் நாலாம் நாள் காலையில் அது அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். இன்னொருவர் பாடு மேல் கை வைப்பது எங்கள் பக்கத்தில் திருட்டைவிடக் கேவலம். பஞ்சாயத்தே கூடிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு புதுக் கதை கொண்டுவந்தேன். கடலில் மூழ்கிப்போன பையன் ஈர உடம்போடு திரும்பி வந்து, தான் காதலித்த பெண்ணின் வாசலில் நிற்கிறான். நான் இரண்டு இடத்தில் தேம்பி அழுதேன். சீட்டில் நாலாவது பாடு, எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு வந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவள் புருஷனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

இந்தக் கதையை அவளிடம் கொடுப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை என்று தோன்றியது. நண்டு அக்காவிடம் சொன்னேன், அவளும் தலையாட்டினாள். புத்தகம் மூன்றாம் வீட்டிலிருந்து நேரே ஐந்தாம் வீட்டுக்குப் போயிற்று. கடைசி வீட்டுக்குப் பேசும் பூனை வருகிற சிரிப்புக் கதை ஒன்றை அனுப்பிவைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் வந்தாள். பூனைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த மிஷினின் சக்கரத்தில் கை வைத்து நிறுத்தினாள்.

"என் பாட்ட யாருக்கா தாண்டுனது?"

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"அவரு போனப்புறம் ஏரில எங்க வூட்டுப் பாட்டயும் தாண்டுனாங்க. ஆம்பள இல்லாத வூடு, இன்னா பண்ணுவேன்னு. அவங்களும் என் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க. நீயுமாக்கா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. "கடைசிப் பாடு என்னுது. அதுலயே நீ எவ்ளோ நாளு வேணும்னாலும் வெச்சிக்க" என்றேன்.

"எனக்கு யாரு பாடும் வேணா. என்னுதக் குடு."

அன்றைக்கே வீடு வீடாகப் போய், தாண்டியது நான்தான் என்று சொன்னேன். நண்டு அக்கா மட்டும், "நானும்தான் தலைய ஆட்டுனேன், என்னயும் சேத்துக்க" என்றாள். அப்போது புத்தகம் ஆறாம் வீட்டுப் பெண்ணிடம் இருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுக வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் வந்து நின்ற இடத்தில் பிடுங்குகிறேனே என்று என்னைத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். மறுநாள் காலையில் நானே கொண்டுபோய்க் கடைசி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மூன்று நாளும் எனக்குத் தையல் ஓடவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தேன். அவள் வீட்டுப் பக்கம் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம்.

நாலாம் நாள் காலையில் சொன்னபடி வந்துவிட்டாள். கண் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். வீங்கித்தான் இருந்தது.

"செத்தவன் வந்து வாசல்ல நிக்கிறான். இவ ஒரு பக்கம் பூரா அவன் கண்ணப் பத்திப் பேசிக்கினு கீறா. சாப்டியான்னு ஒரு வார்த்த கேக்கல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

பிறகு முக்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தின் அட்டையைப் புடவை முந்தானையால் துடைத்தாள். "கடைசில, நீ போன்னு இவளே சொல்லி அனுப்புறா பாரு. அதுக்காவது எனக்குக் குடுத்துருக்கணும் நீ" என்றாள்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை நானும் படித்தவள்தான். அவள் சொல்லும்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

"அவரு நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்றேன்கா. யாருக்கும் தெரியாது. போன் போட்டா, ஸ்விட்ச் ஆஃப்னு ஒரு பொம்பள சொல்லும். அதக் கேட்டுட்டு வெச்சிடுவேன்."

இவளிடம்தான் நான் பேசும் பூனையைக் கொடுத்தனுப்பினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இந்த மாசம்?" என்று கேட்டேன்.

"இந்த மாசம் பண்ணிட்டேன்" என்றாள். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "அடுத்த மாசம் பாக்கலாம்."