சாமிக்குக் கேட்டு போட்ட ரயிலு

எங்கப்பா ஆபீஸ்ல கிளார்க்கு. தெனமும் சைக்கிள்ல போவையில சேரன்மகாதேவி ரயில்வே கேட்ல மாட்டிக்கிடுவாவ. கேட்டு போட்டாச்சுன்னா ஊரே குனிஞ்சு அடியில பூந்து போவும். எங்கப்பா மட்டும் அசைய மாட்டாவ. எடது காலைத் தரையில ஊனி, நெஞ்சை நிமித்திக்கிட்டு, பூந்து போறவனையெல்லாம் ஏசுவாவ. "ஏலே, கேட்டு போட்டிருக்குல்லா, கண்ணு தெரியலையாலே?" பின்னால கேரியர்ல நான். அவிய ஆளை ஏச, நான் ரயிலைப் பாக்க, ரெண்டு பேருக்கும் பொழுது நல்லாத்தான் போச்சு.

பத்தாவதுல கணக்குல பெயிலாப் போயிட்டேன். எந்த வண்டி எந்த ஸ்டேசன்ல கிராஸிங்குக்கு நிக்கும்னு கேட்டிருந்தா நூத்துக்கு நூறு வாங்கியிருப்பேன். எவன் அதையெல்லாம் கேக்கான்? ரயில்வே வேலைக்குப் படிப்பு வேணும்னாவ. சரி வே, ஒங்க ரயில நீங்களே ஓட்டுங்க, நம்ம ரயில நாம ஓட்டுவோம்னு பாளையங்கோட்டையில ஒரு வெல்டிங் பட்டறையில போயிச் சேந்தேன். காயலாங்கடையில ஒரு பழைய ஆட்டோ எஞ்சின் கெடைச்சுது. அது மேல தார் ட்ரம்மைப் படுக்க வச்சுப் பத்த வச்சேன். ஆங்கிள் கம்பியில தண்டவாளம், குட்டிப் பயலுவ உக்கார மூணு பெட்டி, முன்னால ஒரு லாரி ஆரன். ஆயிப்போச்சு ரயிலு.

எங்கப்பா அதைச் சுத்தி வந்து பாத்தாவ. "முழு ஆம்பளையா வளந்து பொம்மை ரயிலு ஓட்டப் போறியாலே? ஆபீஸ்ல எவன் மொகத்துல முழிக்க?"

"நீங்க காலம்பூரா அடுத்தவன் ரயிலுக்குல்லா காத்துக் கெடந்திய. இது நம்ம வீட்டு ரயிலுப்பா."

அவிய சிரிக்கல. "இந்தக் கொடையோட பாப்பேன். ஓடலைன்னா சவத்தை எடைக்குப் போட்டுட்டு மெட்ராஸுக்கு வண்டி ஏறு. மாமா கடையில பருப்பு நிறுத்துப் போட ஆள் வேணுமாம்."

கொடைன்னா எங்க சாமிக்கு வருசத்துக்கு ஒருக்க நடக்கிற திருவிழா. கோயிலுன்னு கட்டடம் கெடையாது, ஆத்தங்கரை வெட்டவெளியில ஒரு பீடம், அம்புட்டுத்தான். ரயிலை எங்கன போடன்னு கேட்டதுக்குக் கமிட்டித் தலைவர் அண்ணாச்சி கையைச் சுத்திக் காமிச்சாவ. "பீடத்தைச் சுத்திப் போடு. பிள்ளைய ரயிலு ஏறுன மாதிரியும் ஆச்சு, சாமியைச் சுத்துன மாதிரியும் ஆச்சு." எனக்கும் அது பெரிய ரோசனையாத்தான் பட்டுச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணு மட்டும் ஓடல. மதியக் கொடைக்கு ஆத்துல இருந்து தண்ணிக்குடம் எடுத்துக்கிட்டு சாமி உள்ள வரணும்லா? எங்கன கூடி வரும்?

கொடையன்னைக்குக் காலையிலே அண்ணாச்சி கேக்க வந்துட்டாவ. சனம் போவ வர ஒரு பக்கம் மூங்கிலுக்குச் செவப்பும் வெள்ளையும் அடிச்சுக் கேட்டு வச்சிருந்தேன். கேட் கீப்பரு எங்கம்மா.

"ஏலே, சாமி வார பாதையில இரும்பைப் போட்டு வச்சிருக்க. மதியத்துக்குள்ள கழத்து."

"நீங்கதான அண்ணாச்சி கையைக் காட்டுனிய?"

"எதுத்துப் பேசாதலே. சாமி எப்படி வரும்?"

"எல்லாரும் வார மாதிரி கேட்டு வழியா வரட்டும்."

"சாமிக்குக் கேட்டாலே, மூதி?"

கழத்துனா திரும்பப் பூட்டுததுக்குள்ள கொடையே முடிஞ்சிரும். அப்புறம் நான் மெட்ராஸ்ல பருப்புதான் அள்ளணும். போயி எஞ்சின் மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். "முடியாது அண்ணாச்சி. வேணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க." தூக்க ஆள் வரல. "சாமி வந்து மிதிக்கும், அப்பத் தெரியும்"னு சொல்லிட்டுப் போனாவ.

இதுல ஒரு கூத்து இருக்கு. வருசம் பூரா பைலுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்க எங்கப்பா மேலதான் அந்தச் சாமி எறங்கும்.

மேளச் சத்தம் கேட்டதும் ரயிலை நிப்பாட்டிருவோம்னுதான் நெனச்சிருந்தேன். பெட்டி நெறையப் பயலுவ. அவனுவ கத்துன கத்துல மேளம் எங்க காதுல விழ? பீடத்துக்குப் பின்னால இருந்து திரும்புதேன், எதுக்க சாமி! தலையில குடம், இடுப்புல சலங்கை, ஆடி வருது. பின்னால ஊரே வருது. பிரேக்கை மிதிச்சேன். வண்டி பைய நிக்கிற சாதி, ஒடனே நிக்காது. ஆரனை அமுக்குனேன்.

எங்கம்மா யோசிக்கவே இல்ல. கேட்டைப் போட்டுட்டா.

சாமி நின்னுட்டு. ஆடுன கால் அப்படியே நின்னு, எடது காலை ஊனி, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கி. மேளக்காரன் கையும் நின்னு போச்சு. ஒருத்தன் மட்டும் மூங்கிலுக்கு அடியில குனிஞ்சு பூரப் பாத்தான். சாமி குரல் எடுத்துச்சு பாருங்க. "ஏலே! கேட்டு போட்டிருக்குல்லா!" பூந்தவன் அங்கனயே நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்புட்டான்.

ஒவ்வொரு பெட்டியா கடந்து போச்சு. குட்டிப் பயலுவ சாமிக்கு டாட்டா காட்டுதானுவ. அம்மா கேட்டைத் தூக்குனா. சாமி மறுபடி ஆடிக்கிட்டே உள்ள வந்து, குடத்தை எறக்கிட்டு, நேரா எஞ்சின்ட்ட வந்துச்சு. மிதிதான் விழப்போவுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். ஆனா காலு எறங்கல வே, எறங்கவே இல்ல. ட்ரம்முல ஏதோ உரசுச்சு. கண்ணைத் தொறந்து பாத்தா, தார் ட்ரம் நெத்தியில மூணு வெரலு திருநீறு.

அதுக்கப்புறம் எவன் கழத்தச் சொல்லுவான்? தலைவர் அண்ணாச்சியே பேரனைக் கூட்டிக்கிட்டு வந்து மொதப் பெட்டியில ஏறி உக்காந்தாவ. "பெரியாளு ஏறப்படாது அண்ணாச்சி, அச்சு முறிஞ்சிரும்"னேன். எறங்குனாவ.

கொடை முடிஞ்ச மறுநாளு வீட்ல சாப்புட்டுக்கிட்டு இருந்தோம். என் வாயி சும்மா இருக்காதுல்லா.

"எப்பா, நேத்து கேட்ல நின்னது ஆரு? சாமியா, நீங்களா?"

அவிய எலையில இருந்து தலையைத் தூக்கல. "ஆரா இருந்தா என்னலே? கேட்டு போட்டா நிக்கணும்." ஒரு வாயி அள்ளிப் போட்டுக்கிட்டாவ. "மாமாவுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன். அந்தப் பிரேக்கை மொதல்ல சரி பண்ணு."