ஓரம் அடிக்காத துணி

என் தங்கை வசந்தகுமாரி பிரசவ வார்டில் ஆயா. பத்தொன்பது வருட வேலை. வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் அவள் 'மௌசி', சின்னம்மா.

வீட்டில் உடுத்தும் நூல் சேலை நைந்துபோனால் வீசமாட்டாள். வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சதுரமாகக் கிழித்துப் பையில் போட்டு வார்டுக்கு எடுத்துப் போவாள். பிறந்த பிள்ளையைப் பழந்துணியில் சுற்றுவது நம் வழக்கம். வாழ்ந்து முடித்த பெரியவர்களின் துணி என்றால் இன்னும் விசேஷம். ஆனால் பிழைக்க இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர்களிடம் பழந்துணி ஏது? பெரியவர்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில். பிள்ளைக்குக் கடையில் புதுசு வாங்கி வருவார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை பதினொன்றரைக்கு, டாலிகஞ்சில் உள்ள என் தையல் கடைக்கு வந்தாள். எங்கள் கோயில் குடிலில் வைக்கும் பாலன் இயேசுவுக்கு வெள்ளை சாட்டின் அங்கி தைத்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒன்றாக இதற்கு முன் பதினொன்று தைத்திருக்கிறேன். ஜரிகை ஓர் இழை விலகாது. பூசை முடிந்ததும் ஜனங்கள் குடிலருகே நின்று, "மாஸ்டர் கைவேலை" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நவம்பரிலேயே துணி எடுத்துவிடுவேன்.

"அண்ணே, துணிப் பை காலி. அப்பாவோட வேட்டிய எடு."

அப்பா கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். அவருடைய நூல் வேட்டி ஒன்றுதான் மிச்சம். கடையிலிருந்த என் பெட்டியின் அடியில் கிடந்தது.

"அத மட்டும் கேக்காத."

"ஒரு பொடியன் பொறந்திருக்கான். அப்பன் கட்டட வேலைக்காரன். 'மௌசி, சப் நயா ஹை'ன்னு பெருமையா லேஸ் வச்ச சட்டைய நீட்டுறான். புதுசாம்! போட்டதும் கழுத்தெல்லாம் செவந்து புள்ள கத்துது."

"அப்ப இந்த சாட்டினக் கொண்டு போ."

சிரித்துவிட்டாள். "ஒனக்கும் அந்த அப்பனுக்கும் என்னா வித்தியாசம்? ஜரிகை குத்தாதா? ஒன்னோட பொம்ம அழுவாது. அதான் பதினோரு வருஷமாத் தப்பிச்ச."

பெட்டியைத் திறந்தேன். அவள் வேட்டியைப் பல்லால் கடித்து ஆறாகக் கிழித்தாள்.

"இரு, ஓரமாவது அடிச்சுத் தர்றேன்."

"மடிப்பு உறுத்தும்ணே." ஐந்தை எடுத்துக்கொண்டு ஒன்றை மேசையில் விட்டுப் போனாள்.

அதன்பிறகு மெஷின் ஓடவில்லை. தாய் பாலனைத் துணிகளில் சுற்றினாள் என்று வருடாவருடம் நற்செய்தியில் கேட்கிறேன். தையல்காரனான நான், என்ன துணி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெளியூரில், மாட்டுக்கொட்டிலில் பிள்ளை பெற்றவளிடம் என்ன இருந்திருக்கும்? யாரோ உடுத்தி, வியர்த்து, துவைத்து நைந்த துணிதான். கடவுள் மனிதனாக வந்ததும் முதலில் அவர் மேனியில் பட்டது அது. நானோ ஜரிகை வைத்து, இறங்கி வந்தவரைத் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அந்த ஆறாவது துண்டில் பாலனைச் சுற்றிக் குடிலில் வைத்தேன். பங்குப் பேரவைச் செயலாளர் ராஜமாணிக்கம் குனிந்து பார்த்தார்.

"என்ன மாஸ்டர், அங்கி ரெடியாகலையா? ஓரங்கூட அடிக்கல?"

"ரெடிதாங்க அய்யா. புள்ளைக்குக் குத்தும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

டூட்டி முடிந்து வசந்தா நேரே அங்கே வந்தாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள். "இப்டிச் சுத்துனா ஒதைச்சு அவுத்துரும்ணே" என்று பிரித்து, வார்டில் செய்வதுபோல் கைகளை உள்ளே வைத்து மூன்றே மடிப்பில் சுற்றினாள். அளவெடுத்தாற்போல இருந்தது. பிறகு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பூசைக்குப் பின் யாருடைய கைவேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் தங்கையுடையது என்றிருப்பேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.