அம்மாவின் காரும் கனத்துப்போன கிளட்சும்

வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட், கொஞ்சம் பெட்ரோல், அதோடு அம்மா இடது காலில் தேய்த்துக்கொள்ளும் தைலம்... அம்மாவின் பழைய காருக்குள் ஏறினால் இந்த மூன்று வாசனையும் சேர்ந்துதான் வரும்.

ஆமாம், கார் அம்மாவுடையது. ‘காடி’ என்றுதான் சொல்வார். அப்பாவுக்கு மோட்டார் சைக்கிளே போதும். தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்கு அம்மா தினமும் காரில்தான் போய் வந்தார். என்னைவிட வயதில் மூத்த கார். நாலு கியர், மேனுவல். சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அம்மா கவனிக்காததுபோல் நேராகப் பார்ப்பார்... உதட்டோரம் மட்டும் ஒரு சிரிப்பு இருக்கும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“கிளட்சு ரொம்ப கனமா இருக்குடா. மிதிக்கவே முடியல.”

நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை. அந்தச் சனிக்கிழமையே காரை ராஜா அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கேபிளை மாற்றினார்.

கொஞ்ச நாளில் அம்மா மறுபடியும் அதையே சொன்னார். பெடலைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டோம். அதற்குப் பிறகும் கனம்தான் என்றார். சரி, கிளட்ச் பிளேட்டையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்தக் காருக்கு பிளேட் சுலபத்தில் கிடைக்காது. அலைந்து திரிந்து புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பழைய கடையில் பிடித்தேன். அவ்வளவு பெருமை எனக்கு...

ராஜா அண்ணன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

“பட்டு மாதிரி இருக்குலா தம்பி. அம்மாவ ஓட்டச் சொல்லுங்க.”

அம்மா ஓட்டினார். இறங்கி வந்து சாவியை என்னிடம் கொடுத்தார். நான்தான் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“பரவால்லடா.”

எனக்காகச் சொன்னது அது. அன்று புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். அப்போதெல்லாம் ஃபெரியில் கார் ஏற்றுவார்கள். ஃபெரிக்கு ஏறும் சரிவில் வரிசை நகர்ந்தபோது கார் குலுங்கி நின்றது. அம்மா மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் நின்றது. பின்னால் ஹார்ன் சத்தம்.

“எறங்குங்கம்மா, நான் எடுக்கிறேன்.”

நான் சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தேன். அம்மா வலது காலை வெளியே வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் இடது தொடையைப் பிடித்துத் தூக்கி... ஒரு மூட்டையை இறக்குவதுபோல அந்தக் காலைத் தரையில் வைத்தார்.

நான் உட்கார்ந்து இடது காலால் கிளட்சை மிதித்தேன். சுலபமாக உள்ளே போனது.

ஃபெரியில் காரை நிறுத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன்.

“எத்தன நாளாம்மா இப்படி?”

“காடிதான்னு நெனச்சேன்டா.”

முதுகில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. வலி போனது, காலுக்குப் பழைய பலம் வரவில்லை. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் நல்லது என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. மாதக்கணக்கில் காரைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தோம். எங்கே வலிக்கிறது என்று அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை.

இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் காரை விற்க முடிவு செய்தோம். வாங்க ஒரு பையன் வந்தான். பழைய கார் மேல் பைத்தியம் போல. உட்கார்ந்து மிதித்துப் பார்த்துவிட்டு, “கிளட்சு புதுசு மாதிரி இருக்கு ஆண்ட்டி” என்றான்.

வாசலில் நின்றிருந்த அம்மா சொன்னார். “ஆமா தம்பி, என் மகன் பாத்துப் பாத்து செஞ்சான்.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்...

இப்போது ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. சித்தி வீட்டுக்குக் கடல் பாலத்தில்தான் போகிறோம், கிளட்ச் இல்லாத என் ஆட்டோமேட்டிக் காரில். வலது கால் நன்றாக இருப்பதால் அதை அம்மாவே ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாவியை நீட்டிப் பார்த்தேன்.

“கியர் போடாம என்னடா ஓட்டுறது” என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

கால் எப்படி இருக்கிறது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவேன்.

“ரோட்ட பாத்து ஓட்டுடா” என்பார்.