பெய்யாமல் போன கார்திரள் மேகம்

ஓசூர் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒருமுறை சந்தேகப்பட்டு உற்பத்தி லைனை நிறுத்தச் சொன்னேன். பழுது ஏதும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்காமலே இருந்தேன்.

போன கோடையில், மகளின் பள்ளி வேலைக்காக மேகங்களைப் படமெடுக்க இருவரும் குருபரப்பள்ளி வரை போனோம். கீற்று மேகமும் திரள் மேகமும் கிடைத்துவிட்டன. நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஒரு பெண் ராகி காயப்போட்டிருந்தார். மேற்கே அடி கறுத்து, உச்சி தட்டையாக விரிந்து ஒரு மேகம் எழுந்தது.

"அப்பா, கார்திரள் மேகம்! இடியோட மழை வரும்" என்றாள் மகள்.

ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மூவருமாக ராகியை அவசரமாகக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடினோம். மேகம் அப்படியே கர்நாடகா பக்கம் ஒதுங்கிவிட்டது. ஒரு துளி விழவில்லை. வெயில்தான் சுள்ளென்று அடித்தது.

"மன்னிச்சிருங்கம்மா, வீணா அலைய விட்டுட்டேன்" என்றேன்.

"வரலன்னா நல்லதுதானேண்ணா. இன்னொரு வாட்டி பாத்தாலும் சொல்லிட்டுப் போங்க" என்றபடி தார்ப்பாயை விலக்கினார்.

மறுநாள் ஷிப்டில் ஒரு பாகத்தில் கீறல் மாதிரி ஏதோ தெரிந்தது. எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் கையை உயர்த்தினேன்.