மெஹக்குக்கு இன்னா சின்னம்?

பூந்தமல்லியில் மைக்செட் மஸூத் பாய் வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டே நின்று கேட்கும். ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு நசரத்பேட்டை வரை அவர் போகாத தெரு கிடையாது. கோயில் திருவிழா, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் இரண்டு கட்சிகள், எல்லாவற்றுக்கும் அதே தொண்டைதான். காலையில் ஒருவரைச் சிங்கம் என்பார், சாயங்காலம் அவருடைய எதிராளியையும் சிங்கம் என்பார். தொழில் என்றால் அப்படித்தான் ஐயா!

அப்பேர்ப்பட்ட தொண்டை சொந்த வீட்டு விஷயத்தில் அடைத்துக்கொண்டது. ஊரெல்லாம் பையன் என்று நினைத்த அவருடைய பிள்ளை, நான் பெண் என்று சொல்லி மெஹக் ஆகி, பிளஸ் ஒன் படிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆடப்போகும் பெண்கள் கபடி அணிக்கு பி.டி. டீச்சர் மெஹக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஹெச்.எம். வீரராகவன்தான் கையெழுத்துப் போடவேண்டும். அவரோ, "பெற்றோருங்க ஆதரவு இருந்தா பேரை அனுப்புறேன். சனிக்கிழமை கூட்டத்துல கை தூக்கட்டும்" என்று நைசாகக் கைகழுவிவிட்டார்.

சரி, ஆதரவு திரட்டுவது பாய்க்குக் கைவந்த கலை. ஆட்டோவை எடுத்துவிட்டார். மைக்கைப் பிடித்தால், பாழாய்ப்போன 'என் மகள்' என்ற வார்த்தை மட்டும் வெளியே வரமாட்டேன் என்கிறது. பழக்கதோஷத்தில் வேறு என்னவோ வந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! நமது அன்புக்குரிய மெஹக் அவர்களுக்கு உங்கள் பொன்னான ஆதரவைத் தாரீர்! சனிக்கிழமை, பள்ளிக்கூட மைதானம்! அலைகடலென வாரீர்!"

குழாயடியில் நின்ற சாவித்திரி ஆட்டோவை மறித்தாள். அவள் மகள் ரோஷினிதான் அந்தக் கபடி அணியின் கேப்டன்.

"இன்னா சின்னம் பாய்? கவுன்சிலருக்கு நிக்குதா? திருநங்கைன்னு சொல்லிகினாங்க. நல்லா நிக்கட்டும், என் ஓட்டு அதுக்குத்தான்! எங்க தெருவுல கால்வா அடைச்சிகினு கீது, அத மொதல்ல பாக்கச் சொல்லு."

இல்லை என்று சொல்ல பாய் வாயெடுத்தார். ஓட்டே போடுகிறேன் என்கிறவளிடம் எதற்கு வம்பு என்று தலையை ஆட்டிவைத்தார். தெருவுக்குத் தெரு இதே கதை. அயனம்பாக்கம் அடுக்ககத்து ஐ.டி. ஜனங்கள் வாட்ஸ்அப்பில் இதயம் இதயமாக அனுப்பினார்கள், ஆள் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. ஹெச்.எம். மிரண்டுபோய், "மெஹக்கை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அடேயப்பா, தூக்காத கை இல்லை. பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஜவுளிக்கடை நடேசன் சால்வையோடு எழுந்தார். "வேட்பாளர் எங்க? போட்டுட்டுக் கிளம்பறேன்."

'சும்மா இரு' என்று பாய் ஜாடை காட்டியும் கேட்காமல் மெஹக் முன்னால் வந்தாள். "நான்தாங்க மெஹக். எலெக்ஷன்ல நிக்கல. பொண்ணுங்க டீம்ல கபடி ஆடணும், அவ்ளோதான்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிலர் தலையைச் சொறிவதற்குத் தூக்கியதுபோல் சமாளித்தார்கள்.

சாவித்திரி இழுத்தாள். "கவுன்சிலருன்னா பரவால்ல... இது எங்க பொண்ணுங்களோட கட்டிப் புரள்ற ஆட்டமாச்சே."

பாய்க்கு வந்ததே கோபம்! மைக் இல்லாமலே அலறினார். "அவ என் பொண்ணும்மா! வார்டையே தூக்கிக் குடுப்பீங்க, ஒரு கோட்டுக்குள்ள நிக்க விடமாட்டீங்களா?"

பின்னாலிருந்து ரோஷினியும் அவளுடைய அணிப் பெண்களும் கையைத் தூக்கினார்கள்.

"பிள்ளைங்களுக்கு இங்க ஓட்டு கிடையாது" என்றார் ஹெச்.எம்.

"சரி சார்" என்றாள் ரோஷினி. "ஓட்டு இருக்கறவங்களே நாளைக்கு மேட்ச் ஆடட்டும். எங்கம்மா ரெய்டு போவட்டும், நீங்க கேட்ச் புடிங்க. மெஹக் இல்லாம நாங்க ஒருத்தியும் எறங்க மாட்டோம்."

"சீ, வாயக் கழுவுடி!" என்று சாவித்திரி முகத்தை முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹெச்.எம். குனிந்து தன் தொப்பையை ஒரு தரம் பார்த்தார். அப்புறம், வேறு வழியில்லாமல், அணிப் பட்டியலில் மெஹக்கின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.