எனக்கு மட்டும் சொல்லாமல் அம்மா நடந்த தீவு

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை அக்காதான் எழுதியிருக்க வேண்டும். டீச்சர் என்பதால் அவருக்கு எழுத்து ஓடும். எனக்கு வாய் மட்டும்தான் ஓடும். ராஜபாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டும் என் கடைக்கு, மோட்டாரே இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்திருப்பது என் கேலிப்பேச்சைக் கேட்கத்தான். தொழிலில் எனக்கு அந்த அளவு பெயர் கிடையாது. "நீயே எழுதுல, உனக்குத்தான் சொல்ல நெறைய இருக்கு" என்று அக்கா சொல்லிவிட்டார். ஆமாம், இருக்கிறது.

அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பி தங்கைகளை வளர்த்தார். பத்தொன்பது வயதில் ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். எனக்கு நான்கு வயதாகும்போது அப்பா தவறிவிட, பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். தறியிலிருந்து வரும் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் குறை பார்க்கிற வேலை. ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. முப்பது வருடம் நின்றுகொண்டே அந்த வேலையைப் பார்த்தார். அக்காவைப் படிக்க வைத்து டீச்சர் ஆக்கினார். என்னையும் ஏதாவது ஆக்கத்தான் பார்த்தார், சரக்கு ஒத்துழைக்கவில்லை.

நடையில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் விடியுமுன் திருவண்ணாமலைப் படியில் நிற்பார். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைதான். நான் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது அம்மா பெருமாளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நீ இங்கனயே கும்பிட்டுக்கோ, அவருக்குத் தெரியும்" என்பார்.

அப்படிப்பட்டவர் போன வருடம் பங்குனியில் ஒரு நாள் காலையில் கடைக்கே வந்து நின்றார்.

"ஏலே, தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குள்ள வெறும் மணலாவே நீளமா ஒரு தீவு இருக்காம். கூட்டிட்டுப் போறியா? அதுல நடக்கணும்."

"அங்க கோயில் இருக்காம்மா?"

"ஒண்ணுமே இல்லையாம்ல. அதான் பாக்கணும்."

அம்மாவுக்கு வயிற்றில் அல்சர், காரம் ஆகாது என்று அக்கா சொல்லியிருந்ததால் தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒரு மீனவர் வள்ளத்தில் எங்களை அக்கரை சேர்த்தார். கரையை ஒட்டினாற்போல நீண்டு கிடக்கிற மணல்மேடு அது. நாங்கள் இறங்கின பக்கம் கண்மாய் மாதிரித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நூறு எட்டு நடந்து மறுபக்கம் போனால் கடல் அடித்துக்கொண்டே இருந்தது.

"வாற அலையெல்லாம் இது வாங்கிக்கிடும்மா. இது இல்லன்னா எங்க ஊரு இல்லை" என்றார் மீனவர்.

"எம்புட்டு அடி வாங்குது" என்று சொல்லிவிட்டு அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

நடந்தோம். மணலில் படர்ந்திருந்த அடும்புக்கொடியை மிதிக்காமல் சுற்றிப் போனார். நண்டு வளை ஒவ்வொன்றிலும் குனிந்து எட்டிப் பார்த்தார். கரை ஒதுங்கிய வலைத்துண்டு ஒன்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்து, "நல்லா நெருக்கிப் போட்டிருக்கான்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். பாதித் தூரம்கூட இராது, மணலில் உட்கார்ந்துவிட்டார். என் வாய்க்குக் கேட்க வேண்டுமா?

"திருவண்ணாமலை ஏறின காலாம்மா இது? வயசாயிட்டு உனக்கு. தூக்கிட்டுப் போகவா?"

"நீ தூக்குனா ரெண்டு பேரையும் தூக்க நாலு பேரு வேணும்" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "நீ முனை வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லு. நான் செத்த நேரம் இருக்கேன்" என்றார்.

போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா தலை ஒரு புள்ளியாகத் தெரிகிற தூரம் வரை போய், ஒரு கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கேட்டபோது வாய்க்கு வந்ததை அளந்தேன். முனையில் ரெண்டு தண்ணியும் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு கொக்கு வந்து "அம்மா வரலையா?" என்று விசாரித்தது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி என்ன நிறத்துல இருந்துச்சு? சத்தம் பெருசா கேட்டுச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சளைக்காமல் அளந்தேன். அம்மாவைச் சிரிக்க வைத்த பெருமையோடு ஊர் திரும்பினேன்.

அதன்பிறகு அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, காரோட்ட மதுரை ஆஸ்பத்திரிக்குப் பல தடவை போனோம். டாக்டரைப் பார்க்க அக்காதான் உள்ளே போவார். "நீ வெளிய இரு. டாக்டர்கிட்டயும் கேலி பேசுவே" என்பார். நியாயம்தானே என்று வெளியே இருந்தேன். கடைசிப் பத்து நாள் படுக்கையில் இருந்தபோது மஞ்சள் காமாலை என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சிரித்தார். ஆவணியில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழிந்து, அம்மாவின் ஆதார் கார்டைத் தேடி பீரோவைத் திறந்தேன். சேலைக்கு அடியில் ஒரு ஃபைல். வயிற்றில் புற்றுநோய், ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று இருந்தது. தேதி, நாங்கள் தீவுக்குப் போவதற்கு மூன்று வாரம் முந்தியது.

அடுப்படியில் அக்காவும் என் மனைவியும் இருந்தார்கள்.

"என்னக்கா இது?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு முன்னமே தெரியும்ல."

மனைவி தரையைப் பார்த்தார்.

"உனக்குமா?"

"அத்தை சூடத்தை ஏத்தி, கையால அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லிட்டாங்க. என்னை, மதினியை, மாமாவை, மூணு பேரையும். நான் என்னங்க செய்ய?"

நான் தட்டில் மிச்சம் வைத்தால்கூடத் தெருவுக்கே சொல்கிறவர் என் மனைவி. ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை.

"நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"அவனுக்குத் தெரிஞ்சா கேலி பேசுறதை நிறுத்திருவான், நீங்கல்லாம் என் மூஞ்சியப் பாத்தா அழுவுதிய, அவனாவது எப்பவும் போல இருக்கட்டும்னு சொல்லிட்டாங்கல" என்றார் அக்கா.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் "பாத்தியா, உன் மேல எம்புட்டுப் பாசம்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடே சேர்ந்து என்னை வேடிக்கை பார்த்ததாகத்தான் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்திருந்தால் முனை வரை போய், பார்த்ததைச் சொல்லியிருப்பேன். வயசாயிட்டு என்று சொல்லியிருக்க மாட்டேன். அவரை மணலில் தனியாக உட்கார வைத்திருக்கவே மாட்டேன். எனக்கும் அழத் தெரியும், அம்மா. ஒரு தடவை என்னை நம்பிப் பார்த்திருக்கலாம்.

மருந்தும் துணையுமாக இருந்த ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கும், வாரம் தவறாமல் காரோட்டிக் கூட்டிப்போன மாமாவுக்கும், அம்மாவின் கம்பெனித் தோழிகளுக்கும், இரவும் பகலும் கூட இருந்து உடம்புக்குத் தண்ணீர் வார்த்த என் மனைவிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அக்காவுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், எழுதின வரைக்கும் அவரிடமே நீட்டினேன். அச்சுக்குப் போகுமுன் எதையாவது எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். இரண்டு முறை படித்தார். ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினார்.

"ஒண்ணையும் எடுக்காத. எல்லாரும் படிக்கட்டும்" என்றார். "கோவமும் இருக்கட்டுமா?" என்றேன்.

"அதையும்தான்."

அப்படியே இருக்கிறது. நன்றி, அக்கா.